பழைய செயலிகளிலும் பிழையின்றி ஓடும் நேண்ட் ஃபிளாஷ் இயக்கி

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகிலுள்ள எங்கள் சிறிய திருத்தகத்தின் மேசையில் இரண்டு பலகைகள் கிடக்கின்றன. ஒன்று, கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த பலநாள் படகொன்றின் தரவுப் பதிகருவியிலிருந்து கழற்றியது. அதிலிருப்பது ஏஆர்எம்926 செயலி (ப்ராசஸர்), அதாவது ஏஆர்எம் ஐந்தாம் பதிப்புக் கட்டமைப்பு. மற்றையது ஒரு பழைய ரவுட்டர். மிப்ஸ் 24கே வகைச் செயலி, பிக் எண்டியன் முறையில், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் வரிசையில், ஓடுகிறது. இரண்டிலும் 128 மெகாபைட் நேண்ட் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் சேமிப்புச் சில்லு) உண்டு: பக்கமொன்றுக்கு 2048 பைட்டும் பிழைதிருத்தக் குறி போன்றவற்றுக்கான 64 பைட் உபரிப் பகுதியும், ஒரே தடவையில் அழிக்கப்படும் தொகுதியொன்றுக்கு 64 பக்கங்கள், மொத்தம் 1024 தொகுதிகள். எங்களிடமிருந்த ஃபிளாஷ் இயக்கியோ (சில்லோடு பேசும் மென்பொருள், டிரைவர்) 64 பிட் பலகையொன்றுக்காக எழுதப்பட்டது. அங்கே அது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அதை இந்த இரண்டிலும் ஓட வைத்த வேலையிலிருந்துதான் இந்த வழிகாட்டி பிறந்தது. லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் கரு) எம்டிடி அடுக்கில், அதாவது ஃபிளாஷைக் கையாளும் பகுதியில், ஒருமுறையாவது வேலை செய்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த வேலையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும், பழைய செயலிக்கென்று நிரலுக்குள் தனிக் கிளைகள் போடுவதில்தான் கையை வைக்கிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. புதிய செயலியிடம் எதைக் கேட்டாலும் அது பொறுத்துக்கொள்வதால், இயக்கி எழுதியவருக்கே தெரியாமல் பல நம்பிக்கைகள் நிரலுக்குள் குடிபுகுந்திருக்கும்: எந்த முகவரியிலிருந்தும் நான்கு பைட்டை ஒரே தடவையில் எடுக்கலாம், டிஎம்ஏ (செயலியின் கையின்றித் தரவை நினைவகத்திற்கு நகர்த்தும் வழி) எழுதியதைச் செயலி உடனே காணும், 64 பிட் வகுத்தல் இலவசம் என்பன போன்றவை. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால், ஒரே நிரல் எல்லாச் செயலியிலும் ஓடும், கிளைகளே தேவைப்படாது.

நிரலைத் தொடுமுன் பலகையைப் பாருங்கள். எங்கள் ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. படகிலிருந்து வந்த பலகையின் ஃபிளாஷ் கால்களில் பச்சை பூத்திருந்ததை முதல் நாள் நான் கவனிக்கவில்லை. ஒரே தரவுக்கம்பியில் மட்டும் விட்டுவிட்டு வந்த பிட் பிழையை இயக்கியின் தவறென்று எண்ணி ஒரு முழு மாலையை இழந்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹோலும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு கால்களைத் துடைத்த பின்னர் அந்தப் பிழை மறைந்தது. வெவ்வேறு பக்கங்களில் எப்போதும் ஒரே பிட் இடத்தில் பிழை வந்தால் கம்பியைச் சந்தேகியுங்கள். நான்கு பைட்டுகளாகச் சேர்ந்து இடம் மாறினால் மட்டுமே நிரலுக்கு வாருங்கள்.

சீரமையாத முகவரி

நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட்டை ஒன்றாக வாசிப்பதே சீரமையாத அணுகல். முதலில் தேட வேண்டியது இதுதான், ஏனெனில் இது சத்தமில்லாமல் பொய் சொல்லும். நினைவகத்தில் 0 முதல் 7 வரையான முகவரிகளில் முறையே 11, 22, 33, 44, 55, 66, 77, 88 என்ற பதினறும எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டில் எண்டியன் முறையில் (சிறிய பைட் முதலில்) ஓடும் புதிய ஏஆர்எம் செயலியிடம் முகவரி 1 இலிருந்து ஒரு 32 பிட் சொல்லைக் கேட்டால் 55443322 என்ற சரியான விடை வரும். சீரமைவுச் சோதனை இயக்கப்படாத ஏஆர்எம் ஐந்தாம் பதிப்பிடம் அதையே கேட்டால், அது முகவரியை 0 இற்குக் கீழிறக்கி, அங்குள்ள 44332211 ஐ எடுத்து, எட்டு பிட் வலப்புறம் சுழற்றி, 11443322 என்று தரும். தவறென்று ஒரு வார்த்தை சொல்லாது. மிப்ஸ் அப்படியல்ல, முகவரிப் பிழை என்று விதிவிலக்கை எழுப்பும், கர்னல் அதைப் பிடித்து மென்பொருளால் சரிசெய்யும்.

ஏஆர்எம் லினக்ஸ் கர்னலும் பொதுவாகச் சீரமைவுப் பொறியை இயக்கி வைத்திருப்பதால், கர்னலுக்குள் நிகழும் இத்தகைய அணுகல்கள் பிடிபட்டுத் திருத்தப்படும். விடை சரியாக இருக்கும், வேகம் மட்டும் குறையும். ஆனால் அதே மூல நிரலைப் பூட்லோடருக்கும் (கர்னலை ஏற்றும் தொடக்க நிரல்) எடுத்துச் சென்றால் அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். எங்களுக்கு நேர்ந்தது அதுவே. திருத்தகத்தில் வேலை பழகும் தம்பி ஒருநாள், "அண்ணா, லினக்ஸில வாசிச்சா சரியா வருது, பூட்லோடரில வாசிச்சா எண் மாறி வருது" என்றார். உபரிப் பகுதியின் மூன்றாம் பைட்டிலிருந்து தொடங்கும் பிழைதிருத்தக் குறியை, இயக்கி ஒரு 32 பிட் சுட்டியாக மாற்றி வாசித்துக்கொண்டிருந்தது. படகுப் பலகையின் சிறிய பூட்லோடரில் சீரமைவுச் சோதனை இயக்கப்படவில்லை.

இதைத் திருத்த, பைட் வரிசையைச் சொல் சுட்டியாக மாற்றும் ஒவ்வொரு இடத்தையும் தேடி, கர்னல் தரும் 'கெட் அன்அலைன்ட்' குடும்பச் செயற்கூறுகளால் மாற்றுங்கள். அவற்றில் எண்டியன் பெயரோடு வருபவை இரண்டு வேலையையும் ஒன்றாகவே முடித்துவிடும். புதிய செயலியில் கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுவதால் அங்கே ஒன்றும் இழக்கமாட்டீர்கள். எங்கும் விடுபடவில்லையென்று உறுதி செய்ய, ஏஆர்எம் பலகையில் 'ப்ரொக்' கோப்பகத்தின் 'சிபியு' பகுதியிலுள்ள 'அலைன்மென்ட்' கோப்பை, ஃபிளாஷ் சோதனைக்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். 'சிஸ்டம்' என்ற வரியின் எண்ணிக்கை கூடியிருந்தால் கர்னலுக்குள் யாரோ இன்னமும் சீரமையாமல் வாசிக்கிறார்கள். எங்கள் இயக்கியில் அந்த எண் அசையாமல் நிற்கும்வரை நாங்கள் அடுத்த படிக்குப் போகவில்லை.

பைட் வரிசை

ரவுட்டர் பலகைக்கு வந்தால், பிக் எண்டியன் சிக்கல் மூன்று தனித்தனி இடங்களில் இருப்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, எங்காவது ஒரு பைட் மாற்றத்தைச் சேர்த்து, விடை சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள். அது இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்ததாகவே பெரும்பாலும் முடியும்.

முதலாவது, ஃபிளாஷ் கட்டுப்படுத்தியின் பதிவகங்கள் (அதை ஆட்டுவிக்கும் சிறு நினைவிடங்கள்). கர்னலின் 'ரீட்எல்' செயற்கூறு, எதிரிலிருக்கும் சாதனம் லிட்டில் எண்டியன் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆனால் பிக் எண்டியன் சில்லுகள் பலவற்றில், அதே சில்லுக்குள் இருக்கும் பதிவகங்கள் செயலியின் வரிசையிலேயே இருக்கும். ஆகவே சில்லின் கையேட்டைப் பார்த்து முடிவெடுங்கள். அந்த முடிவை நிரலில் பதிக்காமல், டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) 'பிக் எண்டியன்', 'நேட்டிவ் எண்டியன்' என்ற பண்புகளாக எழுதி, கர்னலின் பொதுவழியான ரெக்மேப் அடுக்கு மூலம் பதிவகங்களை அணுகினால் இயக்கிக்குள் ஒரு வரியும் மாறாது. பதிவகத்தின் பிட்டுகளை பிட்ஃபீல்ட் ஸ்ட்ரக்ட் (சி மொழியில் பிட்டுகளைப் புலங்களாகப் பிரிக்கும் அமைப்பு) கொண்டு பெயரிட்டிருந்தால் அதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். முதலில் எழுதிய புலம் ஒரு செயலியில் கீழ்ப் பிட்டிலும் மற்றதில் மேல் பிட்டிலும் போய் உட்காரும். நகர்த்தலும் முகமூடியும் கொண்டு எழுதுவது சற்று நீளமானாலும் எங்கும் ஒரே பொருள் தரும்.

இரண்டாவது, தரவு வரும் வழி. ஃபிளாஷிலிருந்து வருவது எண்ணல்ல, பைட்டுகளின் ஓட்டம். முதலில் வந்த பைட் நினைவகத்தின் சிறிய முகவரிக்குப் போக வேண்டும். பதிவகத்திற்காக எடுத்த 'ரீட்எல்' ஐயே தரவுக்கும் ஒரு சுழற்சிக்குள் போட்டு வாசித்தால், பிக் எண்டியன் செயலியில் ஒவ்வொரு நான்கு பைட்டும் தலைகீழாகும். தரவுக்குத் தனியாக உள்ள 'ரீட்எஸ்எல்' போன்ற தொடர்வாசிப்புச் செயற்கூறுகள் பைட்டுகளை மாற்றுவதில்லை, அவற்றையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஃபிளாஷின் மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் வடிவம். யூபிஐ அடுக்கு (ஃபிளாஷின் தொகுதிகளை நிர்வகிக்கும் கர்னல் பகுதி) தன் தலைப்புகளை எப்போதும் பிக் எண்டியனாகவே எழுதும். எந்தச் செயலியில் வாசித்தாலும் தொகுதியின் முதல் நான்கு பைட்டும் 55 42 49 23 என்ற பதினறும எண்களாகவே வர வேண்டும். இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: 23 49 42 55 என்று வந்தால் உங்கள் தரவு வழி தலைகீழாக உள்ளது, கோப்பு முறைமையைக் குறை சொல்ல வேண்டாம். யூபிஐயின் மேல் ஓடும் கோப்பு முறைமையான யூபிஐஎஃப்எஸ் லிட்டில் எண்டியனாக எழுதும். ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற பழைய கோப்பு முறைமை மட்டும், அமைப்பில் மாற்றாவிட்டால், செயலியின் வரிசையையே பின்பற்றும். அதன் பதினறும அடையாள எண்ணான 1985, ஒரு பலகையில் 19 85 என்றும் மற்றதில் 85 19 என்றும் காணப்படும். ஒரு பலகையில் தயாரித்த ஜேஎஃப்எஃப்எஸ்2 படிமத்தை மற்றதில் ஏற்றி, இயக்கி பிழை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இயக்கி தானே ஃபிளாஷில் ஏதாவது அட்டவணை எழுதினால், அந்த ஸ்ட்ரக்டின் ஒவ்வொரு புலத்திற்கும் எண்டியன் சொல்லும் வகையைக் கொடுத்து, அளவை கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஒரு வரியையும் சேருங்கள். எம்68கே செயலியில் 32 பிட் எண்கூட இரண்டு பைட் எல்லையில்தான் சீரமையும். பழைய ஏஆர்எம் ஏபிஐயில் (நிரல்கள் தரவை அடுக்கும் விதிமுறை) மூன்று பைட் ஸ்ட்ரக்ட் நான்கு பைட்டாக வீங்கும். யூபிஐயின் முதல் தலைப்பு எல்லாவிடத்தும் மிகச்சரியாக 64 பைட்டாக இருப்பதற்குக் காரணம், அதை வடிவமைத்தவர்கள் நிரப்புப் பைட்டுகளையும் பெயரிட்டு எழுதிவைத்ததுதான். அந்தத் தலைப்பின் வரையறையை ஒருமுறை திறந்து பாருங்கள். இதைவிட நல்ல பாடம் இல்லை. பின்னர் 'ஸ்பார்ஸ்' என்ற நிரல் சோதனைக் கருவியை நிரலின்மேல் ஓட்டினால், எண்டியன் மாற்றாமல் கடந்து போன இடங்களை அதுவே சுட்டிக்காட்டும்.

கேச்சும் டிஎம்ஏயும்

என் அறிவுரை எளியது: முதலில் டிஎம்ஏயை முற்றாக நிறுத்திவிட்டு, செயலியே பைட்டுகளை வாசிக்கும் முறையில் எல்லாச் சோதனையும் தேறிய பின்னரே அதை இயக்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், பிழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாது.

பழைய ஏஆர்எம்9 வகைச் செயலிகளின் கேச் (செயலிக்கு அருகிலுள்ள வேகமான தற்காலிக நினைவகம்), மெய்நிகர் முகவரியால் அடையாளமிடப்படுவது. ஒரே பௌதிக நினைவகத்திற்கு இரண்டு மெய்நிகர் முகவரிகள் இருந்தால், ஒன்றைத் துடைத்தாலும் மற்றதில் பழைய தரவு தங்கியிருக்கும். கர்னலின் 'விமெலொக்' செயற்கூறு மூலம் பெற்ற நினைவகம் இப்படிப்பட்டதுதான், யூபிஐ அடுக்கு அத்தகைய இடத்தை இயக்கியிடம் கொடுக்கவும் கூடும். புதிய பலகையில் இது வெளியே தெரியவே தெரியாது. ஆகவே டிஎம்ஏ தொடங்கும் முன், கிடைத்த முகவரி நேரடி நினைவகத்தைச் சேர்ந்ததா என்று சோதியுங்கள். இல்லையென்றால் இயக்கி தன்னிடம் வைத்திருக்கும் இடைத்தாங்கி ஒன்றின் வழியாகத் தரவை எடுத்து, பின்னர் நகலெடுத்துக் கொடுங்கள். நகலெடுப்பது வேகத்தைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எட்டு பிட் வழியில், சுழற்சிக்கு 25 நானோ வினாடி என்ற வேகத்தில்கூட 2048 பைட் வந்து சேர 50 மைக்ரோ வினாடிக்கு மேலாகும். அதற்கு முன் பக்கத்தை ஃபிளாஷ் தனக்குள் எடுத்துவைக்கவே ஏறத்தாழ 25 மைக்ரோ வினாடி செல்லும்.

அந்த இடைத்தாங்கியை 'கேமெலொக்' செயற்கூறு மூலம் தனியாகப் பெறுங்கள். இயக்கியின் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே மற்றப் புலங்களுக்கு நடுவில் வைத்தால், ஏஆர்எம்926 இன் 32 பைட் கேச் வரியொன்றை இடைத்தாங்கியின் வாலும் அடுத்த புலமும் பகிர்ந்துகொள்ளும். டிஎம்ஏ ஓடும்போது செயலி அந்தப் புலத்தைத் தொட்டால், பின்னர் கேச் வரி முழுவதும் நினைவகத்திற்குத் திரும்பி எழுதப்பட்டு, புதிதாக வந்த தரவின் கடைசிச் சில பைட்டுகள் அழிந்துபோகும். எங்களுக்கு உபரிப் பகுதியின் கடைசி பைட்டுகள் மட்டும் எப்போதாவது கெட்டு வந்ததன் காரணம் இதுவே. செயற்கூறுகளின் தற்காலிக இடமான அடுக்கிலும் (ஸ்டேக்) இடைத்தாங்கி வைக்கக்கூடாது. ஏஆர்எம் 32 பிட் கர்னலின் அடுக்கு 8 கிலோபைட் மட்டுமே. பக்கமும் உபரிப் பகுதியும் சேர்ந்த 2112 பைட்டை அதில் வைப்பது நான்கில் ஒரு பங்கை ஒரே செயற்கூறுக்குத் தாரைவார்ப்பதாகும்.

இதோடு தொடர்புடைய ஒன்று. கட்டளை, முகவரி என்ற இரண்டு கம்பிகளையும் ஜிபிஐஓ (சில்லின் பொதுப் பயன் கால்கள்) மூலம் அசைக்கும் பலகைகளில், ஜிபிஐஓவிற்கு எழுதியது வழியிலேயே தங்கியிருக்க, ஃபிளாஷுக்கு எழுதியது முந்திவிடலாம். எழுதிய பின் அந்த ஜிபிஐஓ பதிவகத்தை ஒருமுறை வாசித்தால் முதலில் எழுதியது போய்ச் சேர்ந்தது உறுதியாகும். நிரலில் 'டிஎம்பி' என்று, நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் அசெம்ப்ளித் தடுப்புக் கட்டளையை நேரடியாக எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் கர்னலின் பொதுவான தடுப்பு மேக்ரோவைப் போடுங்கள். ஐந்தாம் பதிப்பில் அந்தக் கட்டளையே கிடையாது. ஆறாம் பதிப்பில் வந்த 'எல்டிஆர்இஎக்ஸ்' போன்ற அணுநிலைக் கட்டளைகளுக்கும் இதுவே விதி.

கணக்கும் காலமும்

32 பிட் செயலிக்குக் கம்பைல் செய்தவுடன், இணைப்பின்போது 64 பிட் வகுத்தல் செயற்கூறு கிடைக்கவில்லை என்ற பிழை வரும். அதை அடக்குவதற்காக முகவரியை 32 பிட்டாகச் சுருக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். 128 மெகாபைட் சில்லில் அது ஓடும். 4 கிகாபைட்டைத் தாண்டிய சில்லில் மேல் பகுதிக்கு எழுதுவது கீழ்ப் பகுதியை அழிக்கும். பக்கம் 2048 என்றால் 11 பிட் நகர்த்தல், தொகுதி 131072 பைட் என்றால் 17 பிட் நகர்த்தல். அளவு இரண்டின் அடுக்காக இருக்கும்வரை வகுத்தலே தேவையில்லை. இல்லாதவிடத்து கர்னலின் வகுத்தல் செயற்கூறான 'டிவ் யூ64' ஐப் பயன்படுத்துங்கள்.

சி மொழியின் ஒரு பைட் 'சார்' வகையையும் தேடிப் பாருங்கள். எக்ஸ்86, மிப்ஸ் ஆகியவற்றில் அது குறியுள்ளது (எதிர்ம எண்ணையும் ஏற்கும்). ஏஆர்எம், பவர்பிசி ஆகியவற்றில் குறியற்றது. கர்னல் 6.2 இலிருந்து எங்கும் குறியற்றதாக ஆக்கிவிட்டார்கள் என்றாலும், பழைய பலகைகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய கர்னல்தான். ஃபிளாஷின் நிலைப் பைட் பொதுவாக 224 என்று வரும். குறியுள்ள செயலியில் அது -32 ஆகி, நல்ல செய்தியே பிழையாகத் தெரியும். மறுபுறம், பிழையைக் குறிக்கத் திருப்பிய -1, குறியற்ற செயலியில் 255 ஆகிக் கவனிக்கப்படாமல் போகும். நிலையை 'யூ8' என்றும், பிழையை 'இன்ட்' என்றும் பிரித்துவிடுங்கள்.

காத்திருப்பை ஒருபோதும் சுழற்சியின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். ஜிஃபீஸ் (கர்னலின் கால எண்ணி) கொண்டு அளக்கும்போதும், இரண்டு எண்களை நேரடியாக ஒப்பிடாமல் 'டைம் பிஃபோர்', 'டைம் ஆஃப்டர்' என்ற மேக்ரோக்களையே பயன்படுத்துங்கள். ஜிஃபீஸ் எண்ணி, பூட் ஆகி ஐந்தாம் நிமிடத்தில் 32 பிட் எல்லையைத் தாண்டும்படி கர்னலில் வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. 64 பிட் செயலியில் அந்தச் சுற்று நிகழ்வதேயில்லை, ஆகவே அங்கே பிழை ஒளிந்திருக்கும். படகுப் பலகையில் நீண்ட அழிப்புச் சோதனை ஓட்டியபோது, ஐந்தாம் நிமிடத்தில் ஒரேயொரு தொகுதி அழியவில்லை என்று செய்தி வந்தது. நல்ல தொகுதியொன்று கெட்டதென்று குறிக்கப்பட்டுவிட்டது. அழிப்பு ஏறத்தாழ 2 மில்லி வினாடியில் முடியும் என்றாலும், 400 மில்லி வினாடிவரை பொறுங்கள். காலம் கடந்ததென்று முடிவெடுக்குமுன் நிலைப் பைட்டை இன்னுமொருமுறை வாசியுங்கள். கட்டளை கொடுத்த பின் தயார்க் கம்பி கீழிறங்க 100 நானோ வினாடிவரை எடுக்கும் என்பதால், அந்த இடைவெளியை விடாமல் வாசித்தால் பழைய 'தயார்' நிலையையே காண்பீர்கள்.

பிழைதிருத்தம்

இங்கே செயலியைவிடப் பூட்லோடரைத்தான் மதிக்க வேண்டும். பழைய பலகைகளின் முதல்நிலைப் பூட்லோடர் பெரும்பாலும் ஹாமிங் என்ற பழைய பிழைதிருத்த முறையை மட்டுமே அறியும்: 256 பைட்டுக்கு மூன்று பைட், பக்கத்திற்கு 24 பைட். புதிய இயக்கி எட்டு பிட் திருத்தும் பிசிஎச் முறையை எதிர்பார்க்கலாம். அது 512 பைட்டுக்கு 13 பைட், பக்கத்திற்கு 52 பைட் கேட்கும், 64 பைட் உபரிப் பகுதிக்குள் அடங்கும். ஆனால் பூட்லோடர் இருக்கும் தொகுதிகளை அந்த முறையில் எழுதிவிட்டால் பலகை மறுமுறை எழாது. ஆகவே எழுதுவதற்கு முன், பழைய படிமத்தை உபரிப் பகுதியோடு சேர்த்து அப்படியே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட தொகுதியின் குறி பெரிய பக்கச் சில்லில் உபரிப் பகுதியின் முதல் பைட்டிலும், 512 பைட் பக்கச் சில்லில் ஆறாம் பைட்டிலும் இருக்கும். உங்கள் பிழைதிருத்தக் குறி அந்த இடத்தை மிதிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சோதனை

பலகையில் ஏற்றும் முன் கியூஈஎம்யூவில் (செயலிகளை மென்பொருளால் உருவகிக்கும் கருவி), வெர்சடைல் பலகையாக ஏஆர்எம்926 இலும் மால்டா பலகையாகப் பிக் எண்டியன் மிப்ஸிலும், 'நேண்ட்சிம்' என்ற போலி ஃபிளாஷின் மேல் எம்டிடியின் மேலடுக்கு நிரலையும் நீங்கள் எழுதிய அட்டவணைகளையும் ஓட்டிப் பாருங்கள். எண்டியன், அளவு, வகுத்தல் பிழைகள் அங்கேயே வெளிவரும். கியூஈஎம்யூ கேச்சை உருவகிப்பதில்லை என்பதால், டிஎம்ஏ பற்றி அது தரும் தேர்ச்சிக்கு மதிப்பில்லை. உண்மைப் பலகையில், தேவையற்ற தரவுள்ள ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, எம்டிடியின் பக்கச் சோதனை, உபரிப் பகுதிச் சோதனை, நெருக்கடிச் சோதனை என்ற வரிசையில் ஓட்டுங்கள். இவை பகுதியை அழித்தே எழுதும். நெருக்கடிச் சோதனை ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடட்டும்.

கடைசியாக மின்வெட்டுச் சோதனை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, யூபிஐ இணைகிறதா என்று பாருங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் ஊரில் தானாகவே மின் போகும் என்றாலும், அதை நம்பியிராமல் ஒரு ரிலேயை வைத்து, ஒவ்வொரு முறையும் வேறுவேறு கணத்தில் வெட்டுங்கள். எங்கள் படகுப் பலகை ஓர் இரவு முழுவதும் அப்படி வெட்டப்பட்டு எழுந்த பின், காலையில் 'அலைன்மென்ட்' கோப்பின் எண்ணையும் கெட்ட தொகுதிகளின் எண்ணையும் முதல்நாள் குறித்துவைத்தவற்றோடு ஒப்பிட்டோம். இரண்டும் மாறாமல் இருந்ததால், பலகையைப் பெட்டிக்குள் பூட்டி, மூடியின் விளிம்பில் சிலிக்கோன் பூசி, கொட்பேக்கு அனுப்பினோம்.